நெஞ்சிலும் வயிற்றிலும் குத்துக்காயம்: கணவனும் மனைவியும் தெரிந்துகொள்ள வேண்டியது



குடும்ப நலம் என்றதும் கருத்தடை, பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்றுதான் நம் மக்கள் நினைக்கிறார்கள். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் உழைத்துச் சம்பாதிக்கும் கணவனோ, அடுப்பையும் வயலையும் சேர்த்துக் கவனிக்கும் மனைவியோ ஒரே ஒரு காயத்தில் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் நலம் என்னாவது? மாடு முட்டுகிறது. தென்னை மரத்திலிருந்து தவறியவர் வேலிக் கழியின் மேல் விழுகிறார். வரப்புத் தகராறில் யாரோ கத்தியை எடுத்துவிடுகிறார். நெஞ்சிலும் வயிற்றிலும் ஏற்படும் இத்தகைய காயங்களைப் பற்றித்தான் இந்தப் பிரசுரம்.

கீழே வரும் கணவனும் மனைவியும் எந்த ஒரு ஊரையும் சேர்ந்தவர்கள் அல்லர். பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து ஒரு வீடாக எழுதியிருக்கிறோம்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். மஞ்சுவிரட்டு பார்க்கப் போன கணவர் பகல் 11 மணிக்குத் தாமே நடந்து வீடு திரும்புகிறார். மாடு பிடிக்கப் போனவர் அல்லர், வேடிக்கை பார்த்தவர். இடது மார்க்காம்புக்கு நாலு விரற்கடை கீழே, விலாவில், சட்டை கிழிந்திருக்கிறது.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்லே புள்ள. கொம்பு லேசா உரசிட்டுது. காப்பித்தூள் இருந்தா கொண்டா, அப்பிக்கலாம்."

காயம் அரை அங்குலம்தான் இருக்கும். ரத்தமும் அதிகம் இல்லை. காப்பித்தூள் அப்பியாயிற்று. மாமியார் சோடா வாங்கி வரச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "முதல்ல ஒரு வாய் சோறு போடுங்க, தெம்பா இருக்கும்" என்கிறார். அரை மணி நேரம் கழித்துக் கணவருக்குப் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்குகிறார். நெற்றியில் குளிர்ந்த வியர்வை. இப்போதுதான் மனைவிக்குப் பயம் பிடிக்கிறது.

பயந்தது சரி. அரை மணி நேரம் முன்னதாகவே பயந்திருக்கலாம்.

குத்துக்காயத்தை வெளியே தெரியும் அளவைக் கொண்டு மதிப்பிடக் கூடாது. கொம்பின் நுனி சிறியது. அது உள்ளே நுழைந்த பிறகு மாடு தலையை உதறித் தூக்குகிறது. அந்த உதறலில் கொம்பு உள்ளேயே திசை மாறுகிறது. தோலில் அரை அங்குலம் என்றால் உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு மூன்று பக்கமாகக் கிழிந்திருக்கலாம். கத்தியும் அப்படியே. பிடி வரை இறங்கிய கத்தி தோலில் ஒரு கோடுதான் போடும்.

வெளியே ரத்தம் வரவில்லையே என்று தேறுதல் கொள்வதும் தவறு. 60 கிலோ எடையுள்ளவர் உடம்பில் ஏறக்குறைய 4 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நெஞ்சின் ஒரு பக்கத்துக்குள் மட்டும் 2, 3 லிட்டர் ரத்தம் தேங்க இடமுண்டு. வயிற்றுக்குள்ளும் அப்படியே. ஒரு சொட்டு தரையில் சிந்தாமலே ஒருவர் ரத்தம் இழந்து இறக்க முடியும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்சையும் வயிற்றையும் உள்ளே ஒரு தசைத் திரை பிரிக்கிறது. உதரவிதானம் என்று பெயர். மூச்சை வெளியே விடும்போது அது மார்க்காம்பு மட்டம் வரைக்கும் மேலே ஏறும். ஆகவே மார்க்காம்புக்குக் கீழே பட்ட காயத்தை நெஞ்சுக் காயம் என்று மட்டும் சொல்ல முடியாது. அதே குத்து நுரையீரலையும் துளைத்து, திரையையும் துளைத்து, மண்ணீரலையோ குடலையோ தொட்டிருக்கலாம். நாம் சொல்லும் கணவருக்கு நடந்தது இதுதான்.

மூச்சு ஏன் திணறுகிறது? நுரையீரல் விலாக்கூட்டின் உட்புறத்தோடு ஒட்டினாற்போல விரிந்து நிற்கிறது. இடையில் காற்று புகுந்தால் அது சுருங்கிவிடும். சில காயங்களில் கிழிந்த இடம் சைக்கிள் டியூப் வால்வைப் போல ஆகிவிடுகிறது. காற்று ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போகும், வெளியே வராது. அடைபட்ட காற்று மறுபக்க நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கத் தொடங்கினால் நிமிஷக் கணக்குதான். மூச்சு வர வரக் கூடித் திணறுவது, உதடு நீலம் பாய்வது, கழுத்து நரம்பு புடைப்பது, நினைவு தடுமாறுவது இவையெல்லாம் அதன் அடையாளம்.

வீட்டில் என்ன செய்வது?

முதலில் 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்த வண்டி ஓடுகிறது, காசு கிடையாது. "மாடு நெஞ்சில் குத்திவிட்டது, மூச்சுத் திணறுகிறது" என்று காயத்தையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சந்துக்குள் வண்டி வராது என்றால் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள். நடக்க விடாதீர்கள்.

காயத்தில் காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, புகையிலை எதுவும் வேண்டாம். இவை ரத்தத்தை நிறுத்துவதும் இல்லை. டாக்டர் பிறகு காயத்தைக் கழுவி எடுக்கும் வேலை இரட்டிப்பாகிறது. விரலையோ குச்சியையோ விட்டு ஆழம் பார்க்காதீர்கள். ரத்தம் வந்தால் துவைத்துக் காய்ந்த துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள்.

நெஞ்சுக் காயத்தில் காற்று "உஸ்" என்று போய் வந்தால் அதன் வாயைக் காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது. முன்பெல்லாம் பிளாஸ்டிக் தாளை வைத்து மூன்று பக்கம் ஒட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். பயிற்சி இல்லாதவர் ஒட்டினால் நாலு பக்கமும் அடைபட்டு, மேலே சொன்ன வால்வு ஆபத்து வந்துவிடுகிறது. அதனால் இப்போது வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்வது வேறு: காயத்தைத் திறந்தபடி விடலாம், அல்லது காற்றுப் போகும் உலர்ந்த துணியை லேசாக மேலே போடலாம். துணி ரத்தத்தில் ஊறினால் மாற்றிவிடுங்கள். ஊறிய துணியும் அடைப்பு மாதிரிதான்.

கத்தியோ கழியோ உள்ளேயே நின்றால் பிடுங்கவே கூடாது. கிழிந்த ரத்தக் குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். ஆடாமல் இருக்கச் சுற்றிலும் துணியைச் சுருட்டி அணை கொடுங்கள். கழி நீளமாக இருந்தால் உடம்பில் இருப்பதை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிடலாம்.

குடல் வெளியே வந்துவிட்டால் பார்க்கவே கை நடுங்கும். ஆனாலும் அதை உள்ளே தள்ளக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, காயாமல் இருக்க மேலே ஒரு சுத்தமான பிளாஸ்டிக் உறையைப் போர்த்துங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடித்துவிட்டால் வயிறு தளரும். நெஞ்சில் காயம் உள்ளவர், நினைவோடு இருந்தால், எப்படி இருந்தால் மூச்சு சுலபமோ அப்படியே இருக்கட்டும். உட்கார்ந்துதான் மூச்சு விட முடிகிறது என்றால் வற்புறுத்திப் படுக்கவைக்க வேண்டாம்.

வாய்க்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். சோடா, காப்பி, தண்ணீர், சாராயம் எதுவும் கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். நாக்கு வறண்டால் உதட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒரு போர்வை போர்த்துங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது குறைந்துபோகிறது. வெயில் காலத்திலும் இது பொருந்தும்.

எந்த ஆஸ்பத்திரி?

பக்கத்து டவுனில் தையல் போட்டு அனுப்பும் கிளினிக் இதற்கு உதவாது. மேலே தைத்துவிட்டால் உள்ளே இருப்பது மறைந்துபோகும், அவ்வளவுதான். ஆபரேஷன் அறையும், ரத்தம் கிடைக்கும் வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108 வண்டிக்காரருக்கு அது தெரியும்.

கத்திக்குத்து என்றால் பல குடும்பங்கள் போலீஸுக்குப் பயந்து மறைக்கின்றன. "மாடு முட்டிட்டுதுன்னு சொல்லிடலாம்" என்று வழியிலேயே பேசி வைத்துக்கொள்கிறார்கள். இது டாக்டரைத் தவறான பாதையில் அனுப்பும் காரியம். கொம்பு கிழிக்கும் விதம் வேறு, கத்தி இறங்கும் விதம் வேறு. போலீஸுக்குத் தகவல் தருவது ஆஸ்பத்திரியின் கடமை, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் போலீஸ் வரும் வரை சிகிச்சை நிற்காது, நிற்கவும் கூடாது. முதலில் உயிர், பிறகுதான் சட்டத்தின் சடங்குகள்; அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் இது பொருந்தும் என்று 1989-இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மனைவிக்குப் பட்ட குத்து கணவன் கையால் பட்டதாகவும் இருக்கலாம். இப்படி எழுத எங்களுக்கும் சங்கடந்தான். அப்படிப்பட்ட பெண் டாக்டரிடமோ நர்ஸிடமோ தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். 181 என்ற எண்ணிலும் உதவி உண்டு.

கையெழுத்து விஷயம் ஒன்று. "எங்க மாமனார் வரட்டும், பெரியவங்க வந்துதான் கையெழுத்துப் போடணும்" என்று மருமகள் காத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். நினைவோடு இருக்கும் வயது வந்தவர் தாமே சம்மதிக்கலாம். நினைவில்லை என்றால் மனைவி போடும் கையெழுத்து செல்லும். ஒருவருமே இல்லாவிட்டாலும் உயிரைக் காக்க டாக்டர் ஆபரேஷன் செய்யலாம். பெரியவர்கள் வந்து சேரட்டும், ஆனால் ஆபரேஷன் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு குழாய், ஒரு பாட்டில்

நம் கணவர் 12.30-க்கு ஆஸ்பத்திரி சேர்ந்தார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், கேட்டுப் பார்த்தார், விலாவில் மரப்பு ஊசி போட்டார். அக்குளுக்குக் கீழே ஒரு சிறு துளை செய்து விரல் தடிமன் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் தரையில் இருந்த பாட்டில் தண்ணீருக்குள் விட்டார். குபுகுபுவென்று காற்றுக் குமிழி வந்தது. பின்னாலேயே ரத்தம் வந்தது. பத்து நிமிஷத்தில் கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "இப்ப பரவாயில்லே புள்ள" என்றார்.

மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. "இவ்வளவு பெரிய காயத்துக்கு ஒரு டியூப்தானா டாக்டர்? பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"இங்க பாருங்கம்மா. நெஞ்சுக் குத்து நூறு வந்தா எண்பதுக்கும் மேல இந்த டியூப்பே போதும். நெஞ்சைத் திறக்க வேண்டி வர்றது கொஞ்சந்தான்."

டாக்டர் சொன்னது உண்மை. கெட்ட காற்றும் ரத்தமும் வெளியேறினால் நுரையீரல் தானே விரிந்து, கிழிந்த இடத்தை விலாச் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் எதற்கு என்றால், உள்ளிருந்து காற்று வெளியே வரலாம், வெளிக்காற்று தண்ணீரைத் தாண்டி உள்ளே போக முடியாது. இந்த யோசனையை ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டாக்டர் பியூலாவ் 1870-களில் கையாண்டார். மின்சாரம் வேண்டாம், பெரிய மெஷின் வேண்டாம். சின்ன ஆஸ்பத்திரிக்கென்றே பிறந்தது போன்ற வைத்தியம்.

முதலிலேயே ஒன்றரை லிட்டர் ரத்தம் வந்துவிட்டாலோ, அதன்பின் மணிக்கு 200 மில்லி வீதம் நிற்காமல் வந்தாலோதான் நெஞ்சைத் திறக்க யோசிப்பார்கள். அதற்காகத்தான் நர்ஸ் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி மணிக்கு மணி கோடு போடுகிறார்.

அந்தப் பாட்டில் விஷயத்தில் துணைக்கு இருப்பவரின் பங்கு பெரியது. பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, தரையில் இருக்க வேண்டும். பெருக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று அதைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டால் பாட்டில் தண்ணீர் நெஞ்சுக்குள் பாயும். எக்ஸ்ரேக்குப் போகும்போதும் தாழ்த்தியே பிடியுங்கள். குழாயை மடித்துக் கட்டாதீர்கள், அதன் மேல் படுக்க விடாதீர்கள். மூச்சுக்கு மூச்சு குழாயில் தண்ணீர் ஏறி இறங்கினால் வேலை செய்கிறது என்று அர்த்தம். பாட்டில் கவிழ்ந்தால் உடனே நிமிர்த்துங்கள். உடைந்தால் குழாய் முனையை வேறொரு சுத்தமான தண்ணீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். வலிக்கிறதே என்று அவரை இருமாமல் இருக்கவும் விடக் கூடாது. வலி மருந்து கேட்டு வாங்கிக் கொடுத்து, தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். இருமாதவருக்குச் சளி கட்டி நிமோனியா வரும். எல்லாம் சரியாக நடந்தால் சில நாளில் குழாயை எடுத்துவிடுவார்கள்.

"குளுக்கோஸ் இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்தினா என்ன?" என்று உறவினர் சண்டை போடுவதும் உண்டு. ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போது உப்பு நீரை அளவு மீறி ஏற்றினால் இருக்கிற ரத்தம் நீர்த்துப்போகும், அப்போதுதான் உறைந்த இடம் பிய்த்துக்கொண்டு மறுபடியும் ஒழுகும். டாக்டர் அளந்து ஏற்றுவது கஞ்சத்தனத்தால் அல்ல. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான ஊசி மருந்து ஒன்று இருக்கிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கு கூடினால் தாய்மார்களுக்குப் போடுவதும் அதுதான். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட காயக்காரரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அது சாவைக் குறைக்கிறது என்று தெரிந்தது. காயம் பட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். காப்பித்தூள் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

வயிற்றைக் காத்திருந்து பார்ப்பது

குழாய் வைத்துக் கணவர் தெளிந்துவிட்டார். ஆனாலும் டாக்டர் மணிக்கொரு முறை வந்து வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார், நாடி பிடித்தார், போய்விட்டார். "ஒண்ணுமே செய்யாம சும்மா வந்து வந்து போறாரே" என்று மாமியாருக்குக் கோபம்.

அவர் சும்மா வரவில்லை. கத்தி பட்ட வயிறெல்லாம் திறக்க வேண்டிய வயிறு அல்ல. சில குத்து சதையோடு நின்றுவிடும். சில உள்ளே போயும் ஒன்றையும் கிழிக்காது. வீணாக வயிற்றைத் திறப்பதிலும் கெடுதி உண்டு. ஆகவே நாடி நிதானமாக, வயிறு இளக்கமாக இருப்பவரை ஒரு நாள் முழுதும் கண்காணிக்கிறார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் உதவும். பெரிய மெஷின் இல்லாத இடத்தில் ஒரே டாக்டரின் கை திரும்பத் திரும்பப் பார்ப்பதே நல்ல பரிசோதனை. துணைக்கு இருப்பவர், "வலி கூடுதுங்கறார், வாந்தி எடுத்தார், தோள்பட்டை வலிக்குதாம்" என்று உடனே சொன்னால் பெரிய உதவி. ஆனால் ரத்த அழுத்தம் விழுந்தவருக்கும், வயிறு பலகை போல விறைத்தவருக்கும், குடல் வெளியே வந்தவருக்கும் காத்திருப்பது கிடையாது.

மாலை 5 மணிக்குக் கணவரின் வயிறு விறைத்தது. உடனே ஆபரேஷன்.

நூறு வருஷத்துக்கு முன் வயிற்றுக் காயத்தைத் தொடாமல் விடுவதே டாக்டர்களின் வழக்கமாக இருந்தது. 1904-05 ரஷ்ய-ஜப்பானிய யுத்தத்தில் வேரா கெட்ரோயிட்ஸ் என்ற பெண் டாக்டர், ரயில் பெட்டி ஒன்றை ஆபரேஷன் அறையாக்கி, காயம் பட்ட 3 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தவர்களின் வயிற்றைத் திறந்து தைத்துப் பலரைப் பிழைக்கவைத்தார். இடம் ரயில் பெட்டியானாலும் நேரத்தில் வந்தவர் பிழைத்தார் என்பதை நினைவில் வையுங்கள்.

கணவருக்கு உதரவிதானத்தில் ஓட்டை, பெருங்குடலில் கிழிசல். திரையைத் தைத்தார்கள். குடலில் சாணியும் மண்ணும் கலந்து அழுக்கு பரவியிருந்ததால், தைத்து உள்ளே விடத் துணியாமல், குடலின் வாயை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். சுத்தமான கிழிசலாக, சீக்கிரம் வந்திருந்தால் பல நேரம் தைத்தே விட்டுவிடுவார்கள்.

சிலருக்கு முதல் ஆபரேஷனில் ரத்தத்தை நிறுத்தத் துணி வைத்து அடைத்து, வயிற்றை மேலோட்டமாக மூடிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஓரிரு நாளில் மறுபடி திறந்து முடிப்பார்கள். "முதல் டாக்டருக்குத் தெரியலே" என்று ஊரில் பேசுவார்கள். தெரிந்துதான் அப்படிச் செய்கிறார்.

ரத்தம், ரண ஜன்னி, கர்ப்பம்

ரத்தம் கேட்டால் உறவினர் கூட்டம் கரைந்துபோவது நம் ஊர்ப் பழக்கம். எடுப்பது 350 மில்லிதான். 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாமல், ரத்தசோகை இல்லாமல் இருப்பவர் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை. காசுக்கு ரத்தம் விற்பவரைத் தேடாதீர்கள். அது 1998 முதல் தடை செய்யப்பட்டது. இங்கே தம்பதிகளுக்கென்று ஒரு சேதி. இன்னும் பிள்ளை பெற எண்ணியுள்ள மனைவிக்குக் கணவனின் ரத்தத்தையே ஏற்றுவது நல்லதல்ல. அவருடைய ரத்தத்துக்கு எதிரான பொருள் அவள் உடம்பில் உருவாகி, பின்னால் வரும் கர்ப்பத்தைத் தாக்கலாம். கணவன் ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், மனைவிக்கு வேறொருவர் ரத்தம் வரட்டும்.

நெஞ்சுக்குள் தேங்கிய ரத்தத்தையே சுத்தமாகப் பிடித்து, வடிகட்டி, அதே ஆளுக்குத் திரும்ப ஏற்றும் முறையும் உண்டு. கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்த பெண்களையும் இதே முறையில் காப்பாற்றியிருக்கிறார்கள். குடல் கிழிந்து மலம் கலந்த ரத்தத்துக்கு இது ஆகாது.

கொம்பில் சாணியும் மண்ணும் இருக்கும். எனவே ரண ஜன்னி பயம் அதிகம். மனைவிமார் ஒவ்வொரு கர்ப்பத்திலும் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். "நீங்க கடைசியா எப்போ போட்டீங்க?" என்று கணவரைக் கேட்டால் முழிப்பார். 10 வருஷத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்வது நல்லது. அழுக்குக் காயம் என்றால் 5 வருஷம் தாண்டியிருந்தாலே மறுபடி போட வேண்டும். முன்பு சரியாகப் போடாதவருக்கு வேறொரு ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். மேல்தோலைத் தைக்காமல் நாலைந்து நாள் திறந்து விட்டால் குறை சொல்லாதீர்கள். சீழ் உள்ளே தங்காமல் இருக்கத்தான் அப்படி.

கர்ப்பிணியைப் பசு முட்டிவிட்டால், காயம் சின்னது என்று தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும். ஐந்து மாதத்துக்கு மேல் என்றால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்துக் கொண்டு வாருங்கள். மல்லாக்கப் படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அமுக்கும். மாதம் எத்தனை என்று முதலில் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பன்னிரண்டாம் நாள் கணவர் வீடு வந்தார். வயிற்றின் இடப்புறம் ரோஜா நிறத்தில் குடல் வாய், அதன் மேல் ஒரு பை. அவர் யாரிடமும் பேசுவதில்லை. தனியே சாப்பிட்டார், திண்ணையில் தனியே படுத்தார். ஒரு ராத்திரி மனைவி கேட்டுவிட்டாள்.

"ஏங்க, என்மேல கோபமா?"

"உனக்கு அருவருப்பா இருக்குமேன்னு..."

"பிள்ளைங்க மலத்தை அள்ளின கைதானே இது?"

இந்த இடத்தில் மனைவி டாக்டரை விடப் பெரிய வைத்தியம் செய்கிறாள். பை நிரம்ப விடாமல் மூன்றில் ஒரு பங்கிலேயே காலி செய்யுங்கள். சுற்றித் தோலை வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடையுங்கள், டெட்டால் போடாதீர்கள். குடல் வாயைத் தொட்டால் வலிக்காது. லேசாக ரத்தம் கசிந்தால் பயமில்லை. கறுத்துப்போனாலோ, ஒரு நாள் முழுதும் ஒன்றும் வராமல் வயிறு உப்பினாலோ உடனே ஆஸ்பத்திரி. முட்டைக்கோஸும் பட்டாணியும் வாயுவைக் கூட்டும். பையோடு குளிக்கலாம், பஸ்ஸில் போகலாம்.

தாம்பத்திய உறவைப் பற்றிக் கேட்க எல்லாரும் கூச்சப்படுகிறார்கள், ஆகவே நாங்களே சொல்கிறோம். காயம் ஆறி, வலி இல்லாமல் நடமாடும் நிலை வந்ததும், பொதுவாக ஆறு வாரத்துக்குப் பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம். முன்னதாகப் பையைக் காலி செய்துவிட்டு, வயிற்றில் பாரம் விழாமல் பக்கவாட்டில் இருந்தால் கெடுதி ஒன்றும் இல்லை. ஆபரேஷன் மனைவிக்கு நடந்திருந்தால், வயிறு நன்றாக ஆறும் வரை அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள்; நிரோத் போதும்.

மூன்று மாதம் வரை மூட்டை தூக்குவதும் மண்வெட்டி பிடிப்பதும் வேண்டாம், குடலிறக்கம் வரும். மண்ணீரலை எடுத்தவர்களுக்குத் தனித் தடுப்பூசிகள் உண்டு. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

குடல் வாயைத் திரும்ப உள்ளே வைத்து மூடுவதற்கு, இரண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அறுவடை, கல்யாணம் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ரத்த குரூப் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.